மூன்று கம்ப்யூட்டர், ஒரே போல்டர்

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் எல்லோரும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜி.பி. என்பதுதான். அது எத்தனை நாள் உழைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. ஹார்ட் டிஸ்க் என்பது, உள்ளே இருக்கும் தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றிக் கொண்டே இருக்கும் ஒரு இயந்திரம். சுற்றுகிற எதுவும் ஒரு நாள் நிற்கும். எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் சுற்றும் தகடு கிடையாது. ஆனால் அதுவும் ஒரு நாள், பல நேரங்களில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பேசாமல் படுத்துவிடும். எனவே டிஸ்க் கெட்டுப் போகுமா என்று யோசிப்பதில் பயனில்லை. கெட்டுப் போகும் அன்று நம் பைல்கள் வேறு எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

இதற்குப் பெரிய நிறுவனங்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. ஒரே பைலைப் பல கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் எழுதி வைத்துவிடுவார்கள். ஒரு கம்ப்யூட்டர் நின்றாலும், அதைப் பயன்படுத்துபவருக்கு எதுவும் நடந்தது போலவே தெரியாது. கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2003-ல் தங்கள் பைல் சிஸ்டம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பைலையும் 64 எம்.பி. துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் மூன்று வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் வைப்பதாக அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்கள் விலை உயர்ந்தவை அல்ல, சாதாரணமானவை; அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகிக் கொண்டே இருக்கும் என்று எடுத்துக் கொண்டுதான் சிஸ்டத்தையே வடிவமைத்தார்கள்.

இதே வேலையை, இலவச சாப்ட்வேரையும் பழைய கம்ப்யூட்டர்களையும் கொண்டு நாமும் செய்து பார்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

சர்வர் என்றால் என்ன?

சர்வர் என்றவுடன் குளிர்சாதன அறையில் வரிசையாக நிற்கும் பெரிய பெட்டிகள் நினைவுக்கு வரும். உண்மையில் சர்வர் என்பது ஒரு வேலையின் பெயர்தான். மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் சர்வர்தான். உங்கள் மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய சி.பி.யு.வும் சர்வர் ஆகலாம். கேட்கிற கம்ப்யூட்டருக்கு கிளையண்ட் என்று பெயர். இவை இரண்டையும் இணைப்பது நெட்வொர்க். நாம் பேசப் போவது வீட்டுக்குள் அல்லது கடைக்குள், ஒரு சின்ன சுவிட்சில் கேபிள்களைச் செருகி அமைக்கும் நெட்வொர்க் பற்றி மட்டுமே.

ஒரு போட்டோ ஸ்டுடியோவை எடுத்துக் கொள்வோம். ஒரு கல்யாணத்திற்கு 3,000 படங்கள் எடுக்கிறார்கள். கேமரா தரும் ரா வகை பைல் ஒன்று 25 எம்.பி. என்று வைத்துக் கொண்டால், ஒரு கல்யாணத்திற்கு 75 ஜி.பி. ஆல்பம் போடுபவர் ஒரு கம்ப்யூட்டரில், கலர் பார்ப்பவர் இன்னொன்றில், முன்னால் உட்கார்ந்து பில் போடுபவர் மூன்றாவதில். மூவருக்கும் ஒரே போல்டர் தெரிய வேண்டும். அந்த போல்டர் போனால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்; தாலி கட்டியதைத் திருப்பி எடுக்க முடியாது. வீட்டில் குழந்தைகளின் படங்களை மட்டும் வைத்திருப்பவருக்கும் கணக்கு இதேதான், அளவுதான் சிறியது.

ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போதாதா?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. தவறானதும் அல்ல. இதற்கு ரெய்டு என்று பெயர். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் வெளியிட்ட கட்டுரை மூலம் இந்தப் பெயர் பரவியது. இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே டேட்டாவை எழுதுவது இதில் ஒரு வகை. ஒரு டிஸ்க் போனால் மற்றது தாங்கும். கடைகளில் கிடைக்கும், இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டிகள் இதைத்தான் செய்கின்றன. வீட்டில் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அந்தப் பெட்டியும் தனியாக ஒரு பேக்கப்பும் தாராளமாகப் போதும் என்பதே என் கருத்து.

ஆனால் டிஸ்க் மட்டுமா போகிறது? பவர் சப்ளை போகலாம், மதர்போர்டு போகலாம். அப்போது இரண்டு டிஸ்க்கும் நன்றாகவே இருக்கும், ஆனால் பைல் கைக்கு வராது. பெட்டி சர்வீசுக்குப் போய்த் திரும்பும்வரை ஸ்டுடியோவில் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ரெய்டு டிஸ்க்கைக் காப்பாற்றுகிறது, பெட்டியைக் காப்பாற்றுவதில்லை. பெட்டியே போனாலும் வேலை நடக்க வேண்டுமானால் இன்னொரு பெட்டி வேண்டும்.

இரண்டு ஏன் போதாது?

சரி, இரண்டு சர்வர்கள் வைக்கிறோம். நான் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குத் திணைப் பெயர் வைப்பது வழக்கம். நினைவில் நிற்கும் என்பதால் இங்கும் அதையே பயன்படுத்துகிறேன். முதல் சர்வர் முல்லை, இரண்டாவது மருதம். எந்த பைலைச் சேமித்தாலும் இரண்டிலும் எழுதப்படுகிறது. முல்லை நின்றால் மருதம் பார்த்துக் கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது.

இப்போது இரண்டும் நன்றாக ஓடிக் கொண்டிருக்கும்போது, இடையில் உள்ள கேபிள் மட்டும் கழன்றுவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். முல்லைக்கு மருதம் தெரியவில்லை. மருதத்திற்கு முல்லை தெரியவில்லை. 'அவன் செத்துவிட்டான், இனி நான்தான் பார்க்க வேண்டும்' என்று இரண்டுமே நினைத்துக் கொள்கின்றன. முன்னால் பில் போடுபவர் முல்லையில் உள்ள கணக்கு பைலைத் திறந்து, 10,000 ரூபாய் முன்பணம் வந்ததாக எழுதுகிறார். பின்னறையில் இருப்பவர் மருதத்தில் அதே பைலைத் திறந்து, ஆல்பம் செலவு 4,000 என்று எழுதுகிறார். அரை மணி நேரம் கழித்து யாரோ கேபிளைச் செருகுகிறார். இப்போது ஒரே பெயரில் இரண்டு பைல்கள். இரண்டும் புதியவை, இரண்டும் உண்மை, இரண்டும் அரைகுறை. எதை வைத்துக் கொள்வது, எதை அழிப்பது? கம்ப்யூட்டரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த நிலைக்கு ஸ்ப்ளிட் பிரெயின் என்று பெயர், அதாவது பிளவுபட்ட மூளை. தனக்குக் கட்டளையிடும் மூளை தானேதான் என்று இரண்டு பாதிகளும் நினைப்பதால் வந்த பெயர் இது.

இது ஏட்டில் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்ற இணையதளத்தில், 2018 அக்டோபர் 21 அன்று ஒரு பராமரிப்பு வேலையின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள அதன் டேட்டா சென்டருக்கான இணைப்பு 43 விநாடிகள் மட்டும் அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு, டேட்டாபேஸ் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. இணைப்பு திரும்பியபோது இரு கரைகளிலும், மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. அதைச் சரி செய்யும்வரை 24 மணி 11 நிமிடங்களுக்கு அந்தத் தளம் முழுமையாக இயங்கவில்லை. 43 விநாடிக்கு ஒரு முழு நாள். அங்கே பழுதானது எந்த டிஸ்க்கும் அல்ல என்பதைக் கவனியுங்கள். யார் சொல்வது உண்மை என்ற கேள்விதான் அவ்வளவு நேரத்தையும் விழுங்கியது.

இதற்குத் தீர்வு நம் ஊர்ப் பஞ்சாயத்து முறைதான். மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அவருக்கு நெய்தல் என்று பெயர் வைப்போம். விதி இது: மூவரில் இருவராவது ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தால்தான் பைலில் எழுதலாம். முல்லை தனியாகத் துண்டிக்கப்பட்டால், மருதமும் நெய்தலும் சேர்ந்து இரண்டு. அவர்கள் பக்கம் வேலை தொடரும். முல்லை 'நான் ஒருவன்தான் இருக்கிறேன்' என்று உணர்ந்து எழுதுவதை நிறுத்திவிடும். பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்ற இந்த விதிக்கு கோரம் என்று பெயர். சட்டசபையில், சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்களே, அதே சொல்தான்.

இதில் ஒரு விலையும் உண்டு. மூன்றில் இரண்டு நின்றுவிட்டால், மூன்றாவது நன்றாக இருந்தாலும் எழுத விடாது. புதிதாக அமைப்பவர்கள் இதைப் பழுது என்று நினைத்து அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். அரை மணி நேரம் வேலை நிற்பதா, இரண்டு பொய்க் கணக்குகள் உருவாவதா என்று கேட்டால், வேலை நிற்பதே மேல்.

க்ளஸ்டர்-எப்.எஸ்.

இந்த வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர்களில், படித்துப் புரிந்து கொள்ள எளிதானது க்ளஸ்டர்-எப்.எஸ். கம்ப்யூட்டர் கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் க்னூ என்ற திட்டத்தின் பெயரையும் கலந்து வைத்த பெயர் இது. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலவே ஆகிவிடும் என்பதால் கடைசியில் எப்.எஸ். சேர்த்தே எழுதுகிறேன். இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பொறியியல் படித்தவர். 2005-ல் தொடங்கிய இவர்கள் நிறுவனத்தை 2011-ல் ரெட் ஹாட் நிறுவனம் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை அடிப்படையாக வைத்து ரெட் ஹாட் விற்று வந்த வணிகத் தயாரிப்புக்கான ஆதரவு 2024 இறுதியோடு முடிந்தது. இலவசப் பதிப்பு கிடைக்கிறது, ஆனால் முன்பிருந்த வேகத்தில் வளரவில்லை. நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளுக்குப் புதிதாகத் திட்டமிடும் நிறுவனங்கள் செஃப் என்ற இன்னொரு சாப்ட்வேரைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். ஆனால் மூன்று பழைய பெட்டிகளில் செஃப் போடுவது கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டு வருவது. க்ளஸ்டர்-எப்.எஸ். முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அது பைல்களை முழு பைல்களாகவே டிஸ்க்கில் வைப்பது. நாளை இந்த சாப்ட்வேரே இல்லாமல் போனாலும், முல்லையின் டிஸ்க்கைக் கழற்றி வேறு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் படங்கள் படங்களாகவே தெரியும். இந்த நிம்மதி பல பெரிய சிஸ்டங்களில் கிடைக்காது.

என்ன தேவை?

மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் 64 பிட் வகையாக இருக்க வேண்டும். முல்லையிலும் மருதத்திலும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என இரண்டு டிஸ்க்குகள் வேண்டும். இரண்டு டேட்டா டிஸ்க்குகளும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்று 1 டி.பி., மற்றது 2 டி.பி. என்றால் கிடைக்கும் இடம் 1 டி.பி. மட்டுமே. இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல் இருப்பது நல்லது. ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே நோய்வாய்ப்படுவது உண்டு.

நெய்தல் விஷயத்தில்தான் நமக்கு மிச்சம். அதற்குப் பெரிய டிஸ்க் தேவையில்லை. பைல்களின் பெயர், தேதி, எந்தக் காப்பி புதியது என்ற குறிப்பு ஆகியவற்றை மட்டும் அதில் எழுதினால் போதும். படத்தின் உள்ளடக்கம் தேவையில்லை. இதற்கு ஆர்பிட்டர், அதாவது நடுவர், என்று பெயர். ஒரு பைலுக்கு 4 கே.பி. என்று இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். ஒரு லட்சம் படங்களுக்கு 400 எம்.பி. உங்கள் வீட்டிலேயே மிகப் பழைய 64 பிட் பெட்டி எதுவோ அதுவே நடுவராக இருக்கட்டும். கிரிக்கெட்டில் அம்பயர் பேட்டிங் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லையே.

மூன்றையும் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றில் கேபிள் மூலம் இணைக்கவும். வைஃபை வேண்டாம். அது அடிக்கடி ஓரிரு விநாடிகள் விட்டுப் பிடிக்கும். கிட்ஹப் கதை நினைவிருக்கட்டும்.

அமைக்கும் முறை

லினக்ஸ் கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டளையின் எழுத்தும் சாப்ட்வேரோடு வரும் கையேட்டில் உள்ளது. ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது, எங்கே வழுக்கும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். அது தெரிந்தால் கட்டளை தானாகப் புரியும்.

முதலில் மூன்றிலும் டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் பதிப்பை நிறுவுங்கள். உங்கள் ரௌட்டரின் செட்டிங்ஸில் மூன்றுக்கும் மாறாத ஐ.பி. முகவரி கொடுங்கள். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஹோஸ்ட்ஸ் என்ற பைலைத் திறந்து, எந்த முகவரி முல்லை, எது மருதம், எது நெய்தல் என்று எழுதி விடுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

அடுத்து மூன்றிலும் க்ளஸ்டர்-எப்.எஸ். சர்வர் தொகுப்பை நிறுவி, அது ஓடத் தொடங்கியதா என்று பாருங்கள். இனி முல்லையில் உட்கார்ந்து, 'மருதத்தைச் சேர்த்துக் கொள்', 'நெய்தலைச் சேர்த்துக் கொள்' என்று இரண்டு கட்டளைகள். இதற்கு பியர் ப்ரோப் என்று பெயர். இப்போது மூன்றும் ஒன்றையொன்று நம்பும் ஒரு குழு ஆகிவிட்டன.

டேட்டா டிஸ்க்கை எக்ஸ்.எப்.எஸ். முறையில் பார்மட் செய்து, ஒரு போல்டரில் இணையுங்கள். பார்மட் செய்தால் அதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இணைத்த இடத்திற்கு உள்ளே இன்னொரு போல்டர் உருவாக்குங்கள். அந்த உள் போல்டருக்குத்தான் பிரிக், அதாவது செங்கல், என்று பெயர். ஏன் உள்ளே இன்னொன்று? ஒரு நாள் டேட்டா டிஸ்க் இணையாமலேயே கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டால், வெளி போல்டர் வெறுமையாக அப்படியே இருக்கும். அதில் எழுதத் தொடங்கினால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ள டிஸ்க் நிரம்பிவிடும். உள் போல்டரோ அப்போது இருக்காது. சாப்ட்வேர் அதைத் தேடி, காணவில்லை என்று நின்றுவிடும். நெய்தலிலும் இதே போல சிறிய பகுதி ஒன்றில் ஒரு செங்கல் வையுங்கள்.

இப்போது மூன்று செங்கற்களையும் சேர்த்து வால்யூம் ஒன்றை உருவாக்க வேண்டும். மூன்று காப்பி, அதில் ஒன்று நடுவர் என்று கட்டளையில் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். செங்கற்களை எந்த வரிசையில் எழுதுகிறீர்களோ, அதில் கடைசியாக வருவதுதான் நடுவர். முல்லை, மருதம், நெய்தல் என்று எழுத வேண்டும். மாற்றி எழுதினால் உங்கள் பெரிய டிஸ்க் நடுவராகிவிடும், 20 ஜி.பி. பகுதியில் கல்யாணப் படங்கள் போய் உட்காரும். நடுவர் இல்லாமல் இரண்டே காப்பி என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள்; இது ஸ்ப்ளிட் பிரெயினுக்கு வழிவகுக்கும், தொடரவா என்று சாப்ட்வேரே கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வால்யூமை ஸ்டார்ட் செய்தவுடன், லினக்ஸ் கிளையண்ட் கம்ப்யூட்டரில் அதை ஒரு போல்டராக இணைக்கலாம். இணைக்கும்போது முல்லையின் பெயரைக் கொடுப்பீர்கள். கூடவே மாற்று சர்வராக மருதத்தின் பெயரையும் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர், வால்யூம் பற்றிய விவரத்தை முதலில் கேட்டு வாங்க மட்டுமே. அதற்குப் பிறகு கிளையண்ட் மூன்று சர்வர்களோடும் தானே நேரடியாகப் பேசும்.

கிளையண்ட் தானே பேசுகிறது என்பதால் வேகம் குறையும். ஜிகாபிட் கேபிளில் விநாடிக்கு அதிகபட்சம் 125 எம்.பி. போகலாம். ஒரே படத்தை முல்லைக்கும் மருதத்திற்கும் அனுப்ப வேண்டும் என்பதால் அது 62.5 ஆகிவிடும். நம் 75 ஜி.பி. கல்யாணம் ஏற கணக்குப்படி 20 நிமிடம். நடுவருக்குப் பதிலாக மூன்றாவதும் முழுக் காப்பியாக இருந்தால் 30 நிமிடம். நடைமுறையில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் கூடும். படிக்கும்போது ஒரு காப்பியிலிருந்து எடுத்தால் போதும் என்பதால் இந்தக் குறை இல்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் சாம்பா என்ற சாப்ட்வேர் தேவை. முல்லையில் வால்யூமை இணைத்து, அந்த போல்டரை சாம்பா மூலம் பகிர்ந்தால், விண்டோஸில் சாதாரண நெட்வொர்க் டிரைவாகத் தெரியும். ஆனால் முல்லை நின்றால் அந்த டிரைவும் மறையும். மருதத்திலும் சாம்பாவை ஓட விட்டு, இரண்டாவது டிரைவ் எழுத்தில் இணைத்து வைத்துக் கொள்வது எளிய வழி. தானாகவே முகவரி இடம் மாறும்படி செய்ய சி.டி.டி.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஒரு கட்டாய விதி. செங்கல் போல்டருக்குள் நேரடியாகப் போய் எதையும் காப்பி செய்யாதீர்கள், அழிக்காதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். எப்போதும் இணைத்த வால்யூம் வழியாகத்தான். செங்கலில் நேரடியாகக் கை வைத்தால் மற்ற இருவருக்கும் அது தெரியாது.

கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

உண்மையான படங்களை ஏற்றுவதற்கு முன், பழைய சினிமாப் பாட்டுகள் பத்தைப் போட்டு சோதனை செய்யுங்கள். கிளையண்ட்டில் ஒரு பெரிய பைலைக் காப்பி செய்யத் தொடங்கி, பாதியில் மருதத்தின் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். காப்பி அப்படியே உறைந்து நிற்கும். பயப்பட வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 42 விநாடிகள் கழித்து மீண்டும் ஓடும். பதில் வராத சர்வருக்காக கிளையண்ட் காத்திருக்கும் நேரம் அது. மருதத்தை முறையாக ஷட்டவுன் செய்தால் இந்தக் காத்திருப்பு இராது. போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறது அல்லவா. 42 விநாடி அதிகம் என்று அதை 5 ஆகக் குறைப்பவர்கள் உண்டு. குறைத்தால், ஒவ்வொரு சின்னத் தடுமாற்றத்திற்கும் சர்வர் செத்துவிட்டதாக முடிவு செய்து, பிறகு அதைச் சரி செய்ய அலையும். அப்படியே விட்டுவிடுங்கள்.

மருதம் இல்லாதபோது இரண்டு பைல்களைச் சேர்த்து, ஒன்றை மாற்றி எழுதுங்கள். பிறகு கேபிளைச் செருகுங்கள். மருதம் இல்லாத நேரத்தில் எந்தெந்த பைல்கள் மாறின என்ற குறிப்பு முல்லையிலும் நெய்தலிலும் இருக்கும். அதைப் பார்த்து, விட்டுப்போனவை மட்டும் மருதத்திற்குத் தானாகப் போகும். இதற்கு செல்ஃப் ஹீல் என்று பெயர். புண் தானே ஆறுவது போல. பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இந்தச் சோதனை நடக்கும். எத்தனை பைல்கள் பாக்கி என்று காட்டும் ஹீல் இன்ஃபோ என்ற கட்டளை இருக்கிறது. மூன்று செங்கற்களுக்கும் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள். ஏனென்றால், மருதம் இன்னும் தேறாத நிலையில் முல்லையை நிறுத்தினால், மருதத்தில் உள்ள காப்பி பழையது என்று நெய்தல் சொல்லிவிடும். அந்த பைலைத் திறக்கவே விடாது. அங்கே நடுவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று பொருள்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் கண்ணில் படும். மூன்று சர்வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகப்பட்டிருக்கிறதா? அந்த ஒரே சுவிட்ச்சை யாராவது காலால் தட்டினால் மூன்றும் சேர்ந்தே போகும். குறைந்தது ஒன்றாவது வேறு பிளக்கில், வேறு யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். நெட்வொர்க் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். தேவை, எல்லோரும் மறப்பது இதைத்தான்.

இது பேக்கப் அல்ல

இவ்வளவும் செய்து முடித்தவருக்கு ஒரு தைரியம் வரும். மூன்று இடத்தில் இருக்கிறதே, இனி என்ன கவலை என்று. இப்போது ஒரு போல்டரைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்துங்கள். எல்லா சர்வர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அழியும். சிஸ்டம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நீங்கள் செய்ததை எல்லா இடத்திலும் செய்வதுதானே அதன் வேலை.

1998-ல் பிக்ஸார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஓர் அழிக்கும் கட்டளையால் படத்தின் பைல்கள் சர்வரிலிருந்து மறையத் தொடங்கின. பேக்கப்பைப் பார்த்தால், அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பி. அந்தக் காப்பி சர்வரோடு இணைந்து உடனுக்குடன் மாறாமல் இருந்ததால்தான் பிழைத்தது.

வைரஸ் விஷயத்திலும் இதுவே. பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், விண்டோஸில் தெரியும் நெட்வொர்க் டிரைவையும் பூட்டும். பூட்டிய பைல் முல்லைக்கும் மருதத்திற்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். தீயும் வெள்ளமும் வேறு இருக்கின்றன. 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே நான்காவதாக ஒரு காப்பி, இந்தக் குழுவோடு சேராமல், தனியாக இருக்க வேண்டும். இரண்டு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஆர்சிங்க் என்ற சாப்ட்வேர், மாறிய பைல்களை மட்டும் தேடிக் காப்பி செய்யும். சாம்பாவைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான் இதையும் உருவாக்கியவர்களில் ஒருவர். நம் வேலையில் பாதி அவர் தயவில் நடக்கிறது. இந்த வாரம் ஒரு டிஸ்க், அடுத்த வாரம் மற்றது. காப்பி முடிந்தவுடன் கழற்றி விடுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் குழுவில் சேர்ந்தது போலத்தான். ஒன்றை அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ வைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை அந்த டிஸ்க்கிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். பிக்ஸாரில் இருந்தவர்களும் பேக்கப் ஓடுகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

செலவும் பராமரிப்பும்

சாப்ட்வேர் இலவசம், மின்சாரம் இலவசம் அல்ல. பழைய பெட்டி ஒன்று சும்மா ஓடும்போது 50 வாட் எடுக்கிறது என்று வைத்தால், மூன்றுக்கும் 150 வாட். ஒரு நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 216 யூனிட் கூடும். இது கட்டுப்படியாகாது என்று தோன்றினால், கற்றுக் கொள்வதற்கு மட்டும் செய்து பார்த்துவிட்டு, முன்பு சொன்ன நாஸ் பெட்டிக்கும் யு.எஸ்.பி. டிஸ்க்குக்கும் போய்விடலாம். ஸ்டுடியோ, டி.டி.பி. சென்டர், ஆடிட்டர் அலுவலகம் போல, அரை நாள் வேலை நின்றாலே நஷ்டம் என்ற இடங்களுக்குத்தான் இது உண்மையில் பொருந்தும்.

ஒரு நாள் மருதத்தின் டேட்டா டிஸ்க் நிஜமாகவே போகும். அன்று அவசரப்பட வேண்டாம். முதலில் பேக்கப் டிஸ்க்கைச் செருகி ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். இப்போது முழுப் படங்களும் முல்லையில் மட்டுமே இருக்கின்றன. பிறகு புதிய டிஸ்க்கை மாட்டி, எக்ஸ்.எப்.எஸ். பார்மட் செய்து, அதே இடத்தில் இணைத்து, அதே பெயரில் செங்கல் போல்டரை உருவாக்கி, ரீசெட் பிரிக் என்ற கட்டளையைக் கொடுங்கள். முல்லையிலிருந்து படங்கள் வந்து நிறையத் தொடங்கும். 1 டி.பி. என்றால் கேபிளின் கணக்குப்படி இரண்டேகால் மணி நேரம். சின்னச் சின்ன பைல்கள் நிறைய இருந்தால் ஓர் இரவு முழுவதும் ஆகும். ஹீல் இன்ஃபோவில் பூஜ்யம் வரும்வரை முல்லையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டி விடுங்கள்.